எடைக்குப் போட்ட சினிமா

சினிமாப் பார்ப்பவர்கள் ஒரு ரகம். சினிமா விளம்பரத் தாள்களைச் சேர்ப்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தார் ஆட்டம் முடிந்ததும் வீடு திரும்பி விடுவார்கள். இரண்டாவது ரகத்தாருக்கு விமோசனமே கிடையாது. பள்ளிக்கூட வாத்தியாராகிய நாம் அந்த இரண்டாவது கூட்டத்தில் எப்படிப் போய் விழுந்தோம் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுமார் இருபது வருஷங்களுக்கு முன், காலமாகிவிட்ட பாட்டியின் கிராமத்து வீட்டை ஒழிப்பதற்காகப் போயிருந்தோம். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள், சணல் கயிற்றால் கட்டிய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், நாலாக மடித்த சுவரொட்டிகளும், புத்தகம் சில்லறையும் இருந்தன. கரையான் ஒரு மூலையை ருசி பார்த்திருந்தது. வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசுடன் நின்றார்.

"வாத்தியாரையா, இதையும் போட்டுடலாமா?"

"போடப்பா" என்றோம்.

என்ன கிடைத்தது என்பது ஞாபகமில்லை. அவை எந்தெந்தப் படங்களுடையவை என்று கட்டைப் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. இன்று வரை நம்மை உறுத்துவது அதுதான்.

கேவலம் காகிதம், இதற்கா இவ்வளவு வருத்தம் என்று நேயர்கள் கேட்கலாம். தமிழின் முதல் பேசும் படமாகிய 'காளிதாஸ்' பட்ட பாட்டைக் கேளுங்கள். பம்பாய் இம்பீரியல் கம்பெனியார் தயாரித்து, எச். எம். ரெட்டி டைரக்ட் செய்த அப்படம் 1931 அக்டோபர் 31-ல் சென்னையில் வெளியாயிற்று. டி. பி. ராஜலக்ஷ்மி கதாநாயகி. அந்த அம்மாள் தமிழில் பேச, கதாநாயகர் தெலுங்கில் பதில் சொன்ன விசித்திரமான டாக்கி அது! காளிதாஸனுக்கும் கைராட்டினத்துக்கும் என்ன சம்பந்தமோ, ராட்டினத்தின் பெருமையைச் சொல்லும் பாட்டு ஒன்றும் அதில் இருந்தது. தேசம் அன்று இருந்த நிலையில் அந்தப் பொருத்தமின்மையை யாரும் பாராட்டியிருக்க மாட்டார்கள். இத்தனையும் நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் படம் இல்லை. ஒரு பிரதிகூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. அக்காலத்து விளம்பரங்களும், பத்திரிகை விமர்சனங்களும், பார்த்தவர்கள் சொன்னவையுமே நமக்குச் சாட்சி. அதே ஆண்டு மார்ச் 14-ல் பம்பாயில் வெளிவந்த 'ஆலம் ஆரா'வுக்கும் இதே கதிதான்.

ஃபிலிம் அற்பாயுசு உடையது. 1950-ஐ ஒட்டிய காலம் வரையில் வழக்கத்திலிருந்த நைட்ரேட் ஃபிலிம் வெகு சுலபத்தில் தீப்பற்றும்; பற்றாவிட்டால் பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். ஓடி ஓய்ந்த பிரதிகளிலுள்ள வெள்ளியை எடுப்பதற்காக அவற்றை அழித்தவர்களும் உண்டு. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்பட்டது 1964-ல். அதற்குள் எத்தனையோ படங்கள் கைலாச பதவி அடைந்துவிட்டன.

வேடிக்கை என்னவென்றால், ஒரு வாரத்துக்கென்று அச்சிட்ட காகிதம் சில சமயம் படத்தைவிட நெடுநாள் வாழ்கிறது. வெள்ளிக்கிழமை ஒட்டிய சுவரொட்டிமேல் அடுத்த வெள்ளிக்கிழமை வேறொன்று ஏறும். பசையின் ருசிக்காக மாடு கிழித்துத் தின்றது போக மீதி மழைக்கு. இந்த மூன்று கண்டங்களுக்கும் தப்பியவை, ஒட்டாமல் கொட்டகையில் கிடந்தவைதாம். அமெரிக்காவில் 1927-ல் வந்த 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' என்ற ஊமைப் படத்தின் கடைசிப் பிரதி 1965-ல் ஒரு தீ விபத்தில் எரிந்து போயிற்று. அதன் சுவரொட்டி ஒன்று 2014-ல் 4,78,000 டாலருக்கு ஏலம் போயிற்று! அந்தப் பணத்தில் புதிதாக ஒரு படமே பிடித்திருக்கலாம் என்று தோன்றுகிறதல்லவா?

நம் நாட்டுச் சேகரிப்பாளருக்கு டாலர் யோகம் குறைவு. ஆனால் பாட்டுப் புத்தகம் என்ற பாக்கியம் உண்டு. கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்தச் சிறு பிரசுரத்தில் நடிகர் பெயர்கள், பாட்டுக்கள், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும். கதையை மட்டும் நெருக்கடியான கட்டத்தில் நிறுத்திவிட்டு, மிச்சத்தைத் திரையில் காணும்படி கேட்டுக் கொள்வார்கள். படமே மறைந்துவிட்டால் அந்த மிச்சத்தை எங்கே போய்க் காண்பது?

அசல் சுவரொட்டியை அறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். அந்நாளில் ஓவியர் கல்லிலோ நாகத் தகட்டிலோ நிறத்துக்கு ஒன்றாக வரைந்து கொடுப்பார். பென்சில் தீற்றியது போன்ற சொரசொரப்பு தாளில் தெரியும். இந்நாளைய நகலில் ஒரே சீரான புள்ளிகள். அசல் கிடைத்தவர்கள் தயவு செய்து அதைப் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டி விட வேண்டாம். கிழிசலுக்குச் செல்லோடேப் போடுவது புண்ணுக்கு மிளகாய்ப் பொடி போடுவதற்குச் சமானம்.

காகிதத்தை மதித்தவர்கள் நம்மிடையே இல்லாமல் போகவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பெரும் புலவர்கள் அலட்சியம் செய்த நோட்டீஸ்களையும் அவர் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ சர்வகலாசாலை அவற்றை வாங்கியது. சேகரம் சென்னையிலேயே நூலகமாக நிலைத்தது. 2016-ல் காலமான ஃபிலிம் நியூஸ் ஆனந்தன், 1931 முதல் வந்த தமிழ்ப் படங்களின் விவரங்களைத் திரட்டிப் பெரும் புத்தகமாக 2004-ல் வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தை நாம் இப்போது அடிக்கடி புரட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. பாட்டியின் ராமாயணத்தை மட்டும் அன்று எடைக்குப் போடாமல் எடுத்து வந்தோம். சென்ற வருஷம் அதன் அட்டை கழன்றபோது, உள்பக்கம் ஒரு சினிமா நோட்டீஸின் பாதி இருக்கக் கண்டோம். ஒரு பெண்ணின் ஒற்றைக் கண், 'இரவு 9½ மணி', படத்தின் பெயரில் 'தி' என்ற கடைசி எழுத்து, அவ்வளவுதான். 1936-ல் வந்த 'சதி லீலாவதி'யா, 1937-ல் வந்த 'அம்பிகாபதி'யா, அல்லது நாம் கேள்விப்பட்டே இராத வேறொன்றா? மற்றப் பாதி இன்னொரு புத்தகத்துக்கு அட்டையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் புத்தகமும் அன்று தராசில் ஏறிவிட்டது.