உஷார்! சூட்டில் டயர் காற்றைத் திறந்துவிடாதீர்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கத்திலிருந்து டெல்லிக்கு டிரெய்லர் ஓட்டிப் போகும் அண்ணன்மார்களே, அனுப்பிவைக்கும் முதலாளிமார்களே! மே, ஜூன் லோடு ஏற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆக்ரா தாண்டி, உச்சி வெயில் 45 டிகிரியில் கொளுத்தும்போது சாலையோர பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்துகிறீர்கள். காலையில் 110 பவுண்டு அடித்த டயர், இப்போது கேஜில் 125 காட்டுகிறது. கடைப் பையன் வால்வு மேல் விரலை வைத்துக்கொண்டு, "உஸ்தாத்ஜி, ஹவா நிகாலூம்?" (காற்றை இறக்கட்டுமா?) என்கிறான். தலையாட்டினீர்களோ, தொலைந்தது!

ஓடிச் சூடான டயரில் 15 பவுண்டு ஏறுவது இயல்பு. டயர் செய்தவர்கள் அதையும் கணக்கில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அந்தப் பதினைந்தைத் திறந்துவிட்டால், மறுநாள் விடியலில் ஆறிய டயரில் 97-தான் நிற்கும். அதே லோடோடு பல்வலில் ஈஸ்டர்ன் பெரிபெரல் ஏறினால் குண்ட்லி வரை 135 கிலோமீட்டர். 2018-ல் திறந்த சாலை, சிக்னலே இல்லை, நிற்கிற வேலையும் இல்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிரும். அதில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் கம்பி இழையையும் பிரித்து எடுத்துவிடும். வெடித்த பிறகு எல்லோரும் வெயிலைத் திட்டுவார்கள். முந்தின நாள் திறந்துவிட்ட காற்று யார் நினைப்பிலும் இருக்காது.

வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது நின்று, டயர் கை பொறுக்க ஆறிய பிறகே அளக்க வேண்டும். கம்பியால் தட்டிப் பார்த்துக் காற்றைச் சொல்லும் வித்தையை நான் நம்புவதில்லை. 20 பவுண்டு குறைந்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஜனவரியில் கதை தலைகீழ். ஊரில் 30 டிகிரியில் அடித்த 110, டெல்லிப் பனியில் 5 டிகிரி விடியலில் 100 ஆகிவிடும். அப்போது ஏற்றித்தான் ஆக வேண்டும்.

இனி டயர் வாங்கும் விஷயம். 2018-ல் மத்திய அரசு ஆக்ஸில் பாரத்தை உயர்த்தியது நினைவிருக்கும். நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. டயர் ஒன்றுக்கு 2,875 கிலோ. பழைய 10.00 ஆர்20 டயர் பலவற்றின் பக்கத்தில் பாரக் குறியீடு 146/143 என்றிருக்கும். இரண்டாவது எண்தான் இரட்டை டயருக்கானது. 143 என்றால் 2,725 கிலோ. முழு பாரம் ஏற்றினால் ஒவ்வொரு டயரிலும் 150 கிலோ கூடுதல்! அந்த ஆக்ஸிலுக்கு 145-க்குக் குறையாமல் வாங்குங்கள். 145 என்றால் 2,900 கிலோ.

டிரெய்லரின் மூன்று ஆக்ஸிலுக்கு 27 டன், டயர் 12. ஆளுக்கு 2,250 கிலோதான் என்பதால் 143 தாங்கும். மாட்டிக்கொள்வது இழுக்கும் வண்டியின் ஒற்றைப் பின் ஆக்ஸில். வழியில் ஒன்று போனதும் டிரெய்லர் டயரைக் கழற்றி அங்கே மாட்டுகிறோமே, அங்கேதான் உஷார் வேண்டும். ரீட்ரேட் டயர் என்றால் இன்னும் கவனம். நல்ல கடையில் நல்ல கேசிங்கில் செய்தால் பின்னால் ஓடும். ஸ்டியரிங் ஆக்ஸிலில் போடவே வேண்டாம் என்பேன்.

இரட்டை டயரில் உள்டயர் ஏமாற்றுக்காரன். குனிந்து பார்க்கச் சோம்பல் என்பதால் பல நாள் யாரும் அளப்பதில்லை. அதில் காற்று இறங்கினால் பாரம் முழுவதும் வெளிடயர் தலையில் விழும். நாம் குற்றம் சொல்வதும் வெடித்த வெளிடயரைத்தான். உள்டயருக்கு நீட்டுக் குழாய் வால்வு போட ஆகும் செலவு ஒரு டயர் விலையில் தூசு.

கடைசியாக, உயிர் போகிற சங்கதி. டியூப் டயர் வீலில் இருக்கும் லாக் ரிங், சரியாக உட்காராமல் காற்றடித்தால் துப்பாக்கிக் குண்டாய்ப் பறக்கும். காற்று குறைந்தே ஓடிய டயரை அப்படியே வைத்துக் காற்றடிக்க விடாதீர்கள். 110-க்கு 88-ம் அதற்குக் கீழும் இறங்கியிருந்தால் கழற்றி, உள்ளே பார்த்த பிறகுதான். இரும்புக் கூண்டு இருக்கும் கடையாகத் தேடுங்கள். குழாயைக் கிளிப் போட்டு மாட்டச் சொல்லிவிட்டு, நீங்களும் கடைக்காரரும் ரிங்குக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். டீ கிளாஸோடு எட்டிப் பார்க்க வரும் கிளீனரையும் இழுத்துக்கொள்ளுங்கள்.