வருவாயும் வண்டியும்

ஒருவர் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டியைக் கொண்டு அவர்தம் வருவாயை அளந்துவிடலாம் என்று பலர் எண்ணுவர். இவ்வெண்ணம் எத்துணை உண்மையானது என்பதை அமெரிக்க நாட்டு மோட்டார் வண்டியின் வரலாறு நன்கு விளக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டிலும் மோட்டார் வண்டி செல்வர்க்கே உரிய பொருளாய் இருந்தது. அதனை எளியோரும் வாங்குமாறு செய்ய முனைந்தவர் ஹென்றி ஃபோர்டு. அவர் 1908-ஆம் ஆண்டில் 'மாடல் டி' என்னும் வண்டியை வெளியிட்டார். அதன் விலை ஏறத்தாழ 850 டாலர். அவருடைய தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளி பெற்ற நாட்கூலியோ இரண்டரை டாலருக்கும் குறைவு. ஓராண்டுக் கூலி முழுவதையும் செலவிடாது சேர்த்தாலன்றித் தாம் செய்த வண்டியைத் தாமே வாங்குதல் அத்தொழிலாளிக்கு அரிது.

1913-ஆம் ஆண்டில் ஃபோர்டு புதியதொரு முறையை மேற்கொண்டார். தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்க, உருவாகும் வண்டி அவரை நாடி நகர்ந்து வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாக நடந்த அடிச்சட்ட வேலை, சில மாதங்களில் ஒன்றரை மணி நேர வேலையாய்ச் சுருங்கியது, விலையும் குறைந்தது. 1914-ஆம் ஆண்டில் நாள் வருவாய் ஐந்து டாலராக உயர்த்தப்பட்டது. ஆயினும், அதனைப் பெறுவோர் குடியை விலக்கிச் சிக்கனமாக வாழ்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இருந்தது. அதனை ஆராய நிறுவனத்தார் தொழிலாளர் இல்லங்களுக்கே சென்றனர். 1925-ஆம் ஆண்டில் இருவர் அமரும் மாடல் டி வண்டி 260 டாலருக்குக் கிடைத்தது. இரண்டு மாத உழைப்பின் பயன் ஒரு வண்டிக்கு ஈடாயிற்று.

விலை மிகக் குறைந்தமையால் ஃபோர்டின் வண்டியே என்றும் நிலைத்திருக்கும் எனத் தோன்றலாம். நிகழ்ந்ததோ வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்ஃபிரட் சுலோன், எளியோர்க்குச் செவர்லே முதல் பெருஞ்செல்வர்க்குக் காடிலாக் வரை, வருவாய்க்கேற்ற படிவரிசையாக வண்டிகளை அமைத்தார். வண்ணமும் வடிவும் மாறி வந்தன. அண்டை வீட்டாரினும் ஒரு படி உயர்ந்து தோன்ற வேண்டும் என்னும் ஆவல் மக்களிடையே வளர்ந்தது. கையில் பணமில்லாதார்க்குத் தவணைக் கடன் துணையாயிற்று. அதற்கென அந்நிறுவனம் 1919-ஆம் ஆண்டிலேயே தனிக் கிளை நிறுவியிருந்தது. ஒன்றரைக் கோடி வண்டிகள் உருவான பின், 1927-ஆம் ஆண்டில் மாடல் டி நிறுத்தப்பட்டது.

இதனால் விளங்குவது யாது? வண்டியை வாங்கும் ஆற்றலை வருவாய் தருகின்றது. எவ்வண்டியை வாங்குவது என்பதையோ வாழ்க்கை முறையும் விருப்பமும் முடிவு செய்கின்றன. பளபளக்கும் வண்டி தெருவில் நிற்கும். அதன் பொருட்டுப் பட்ட கடன் பிறர் கண்ணுக்குப் புலப்படாது.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. வால்மார்ட் கடைகளை நிறுவிய சாம் வால்டனை, 1985-ஆம் ஆண்டில் ஃபோர்ப்ஸ் இதழ் அமெரிக்கச் செல்வருள் முதல்வராகக் குறித்தது. அவரோ 1979-ஆம் ஆண்டில் உருவான ஃபோர்டு சிறு சரக்கு வண்டியையே ஓட்டி வந்தார். அவ்வண்டியை மட்டும் கண்டவர் அவரது செல்வத்தை அறிந்திருக்க இயலுமோ?

ஆதலின், வண்டியைக் கண்டு மனிதரை மதித்தல் பிழை. பிறர் மதிப்பிற்காகத் தம் வருவாய்க்கு மிஞ்சிய வண்டியை வாங்குதல் அதனினும் பெரும்பிழை. தேவையறிந்து வாங்கிய வண்டி மனிதரைச் சுமக்கும்; பெருமைக்காக வாங்கிய வண்டியை மனிதரே சுமக்க நேரும்.