ரிவர்ஸ்டன் இறக்கத்தில் நீலப் புகை

"ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லீட்டர் ஒயில் குடிக்குது மாமா. எஞ்சின் செஞ்சு மூணு மாசந்தான் ஆகுது."

தம்பி இதைச் சொன்னபோது ஹெட்டிப்பொல தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குப் பிளேன்டீ அப்போதுதான் வந்திருந்தது, பீரிசில் ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு. வெளியே நெல் மூட்டை ஏற்றிய லேண்ட்மாஸ்டர்களுக்கு நடுவில், வழி தவறி வந்ததுபோல் ஒரு லான்சர் எவலூஷன் நின்றது. தம்பி இருப்பது மாத்தளையில். எஞ்சின் செய்த பாஸ் இருப்பது இங்கே, வில்கமுவவில். டிராக்டர் எஞ்சினில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆளில்லை என்று யாரோ சொல்ல, வண்டியை இங்கே கொண்டுவந்துவிட்டான். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருஷம், இருக்கிற எஞ்சினைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே நாட்டில் பலர் காலம் தள்ளினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

தம்பியின் ஆசை, ஏப்ரல் சீசனில் நுவரெலியா மஹகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டியில் ஒரு தடவையாவது ஓடுவது. 1934இல் தொடங்கிய போட்டி அது. ஆசையில் பிழையில்லை. ஆனால் எஞ்சினை மறுபடி பிரிக்க நாள் குறித்துவிட்டுத்தான் என்னைத் தேடி வந்திருந்தான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு லீட்டர் என்றதும் குழாய் திறந்துவிட்டதுபோல் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரி என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்கு 20 மணித்தியாலம். நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்தால் மொத்தம் 30 இலட்சம் சுற்று. நாலு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு எரிப்பு. ஆக 60 இலட்சம் எரிப்பு. ஒரு லீட்டரை இதற்குப் பங்கு போட்டால், ஒரு எரிப்புக்கு ஒரு கன மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. ஒரு சொட்டு ஒயில் 300 எரிப்புக்குக் காணும். இவ்வளவு சிறிய கசிவைக் காதால் கேட்டோ, சைலன்ஸரில் விரலைத் தடவிப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. ஒழுங்காக அளந்தால்தான் அகப்படும்.

"அளந்துதான் சொல்றேன்" என்றான். எப்படி அளந்தாய் என்றேன். ஒரு நாள் சூட்டோடு, ஒரு நாள் காலையில், ஒரு நாள் சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்திருக்கிறான். அது அளவே இல்லை. ஒரே சம தரையில் நிறுத்து, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் பொறு, மேல் கோடு வரை ஒயிலை நிரப்பு. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு அதே இடத்தில், அதே மாதிரி, அளவுக் கோடு போட்ட போத்தலால் பழைய மட்டத்துக்கு ஊற்று. போத்தலில் குறைந்ததுதான் கணக்கு. அமெரிக்காவில் 2006 முதல் 2011 வரையான கெம்ரி, ராவ்4 கார்களில் வந்த 2ஏஇஸட்-எஃப்ஈ எஞ்சின் ஒயில் குடிக்கிறது என்று ஆட்கள் புகார் சொன்னபோது டொயோட்டாவும் இதைத்தான் செய்தது. ஒயிலை நிரப்பி, 1,200 மைல் ஓடவிட்டு, ஒரு குவார்ட்டுக்கு மேல் குறைந்தால்தான் பிஸ்டனில் கை வைத்தார்கள். குவார்ட் என்றால் ஏறக்குறைய ஒரு லீட்டர்.

இனி ஒயில் போகும் வழி. வெளியே ஒழுகலாம், அதற்குக் கீழே ஒரு கடதாசி மட்டையை விரித்துவைத்தால் போதும், அதிகம் பேச வேண்டியதில்லை. ரிங்கைத் தாண்டி மேலே வரலாம். வால்வுத் தண்டோடு கீழே இறங்கலாம். டர்போ வழியாகப் போகலாம். எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாயால் ஆவியாகப் போய், காற்றோடு கலந்து எரியலாம். எல்லாவற்றிலும் வருவது அதே நீலப் புகைதான். அதனால் புகையின் நிறத்தைவிட அது வரும் நேரம்தான் எனக்கு முக்கியம்.

இங்கேதான் நல்ல டிராக்டர் பாஸ் ஒருவர் தடுக்கி விழுகிற இடம் இருக்கிறது. லேண்ட்மாஸ்டரின் டீசல் எஞ்சினில் காற்று வரும் வழியை மறிக்கும் மூடி கிடையாது. அது எப்போதும் தாராளமாக மூச்சு இழுக்கும். டீசலைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகம் கூடிக் குறையும். பெட்ரோல் எஞ்சினில் அப்படியில்லை. எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் திரொட்டில் மூடிக்கொள்ளும், பிஸ்டன் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஊசி மருந்து ஏற்றும் சிரிஞ்சின் மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள், அந்த இழுவைதான். உள்ளே வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த நேரம் வால்வு சீல் தளர்வாக இருந்தால் ஒயிலை மேலிருந்து உறிஞ்சும், ஒயில் ரிங் தளர்வாக இருந்தால் கீழிருந்து உறிஞ்சும். பாஸ் வண்டியைக் கராஜ் வாசலில் நிறுத்தி, ரேஸ் கொடுத்துப் பார்த்து, "புகை இல்லை" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பழகிய எஞ்சினுக்கு அந்தச் சோதனை சரி.

இந்த இழுவையைச் சோதிக்க மாத்தளை மாவட்டத்தில் ரிவர்ஸ்டன் பாதையை விடச் சிறந்த சோதனைக்கூடம் இல்லை. ரத்தோட்டையில் இருந்து ஏறி, உச்சியைக் கடந்து, பிட்டவல பத்தன பக்கமாக இலுக்கும்புர வரை ஒரே இறக்கம். இரண்டாவது கியரில் போட்டு, எக்ஸிலேட்டரைத் தொடாமல் இறங்க வேண்டும். பின்னால் ஒரு கூட்டாளி மோட்டார் சைக்கிளில் தூரம் விட்டு வரட்டும். கீழே சமதரை வந்ததும் ஒரு மிதி. அப்போது நீலமாக ஒரு குப்பென்று வந்தால், இழுவையில் உறிஞ்சிய ஒயில் எரிகிறது என்று பொருள். ஏறும்போது, டர்போ முழு அழுத்தத்தில் தள்ளும்போது புகை வந்தால் ரிங்கையும் பிரீதரையும் பார்க்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் புகைத்து அடங்கினால், தண்டோடு சொட்டிய ஒயில், வால்வு சீல். வேகமாக ஓடி வந்து சும்மா இயங்கவிட்டு நிற்கும்போது புகைந்தால் டர்போவின் ஒயில் திரும்பும் குழாயைக் கழற்றிப் பார். அந்தக் குழாய் நேராகக் கீழே இறங்க வேண்டும். மடங்கியிருந்தாலோ, பூட்டும்போது அப்பிய பசை வாயை அடைத்திருந்தாலோ, புது டர்போவும் கக்கும். (சோதனையைப் பகலிலேயே முடி. வஸ்கமுவ பக்கத்து யானைக்கு உன் டர்போவைப் பற்றி அக்கறை கிடையாது.)

தம்பி கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டான்: "கொம்பிரஷன் பார்த்தோம் மாமா. நாலுலயும் ஒரே அளவு, நல்லா இருக்கு. அப்ப ரிங்ல பிழை இல்லதானே?"

இந்தக் கேள்வியில்தான் அநேகரின் காசு கரைகிறது. ஒரு பிஸ்டனில் மூன்று ரிங். மேலே உள்ளது காற்றைத் தாங்கும். இரண்டாவது பாதி காற்றுக்கு, பாதி ஒயிலைச் சுரண்ட. மூன்றாவதுக்கு ஒயிலை வழித்துக் கீழே அனுப்புவது மட்டும்தான் வேலை. கொம்பிரஷன் மீட்டர் விசாரிப்பது முதல் ஆளை. இரண்டாம் ஆளைக் கொஞ்சம். மூன்றாம் ஆள் அந்த விசாரணைக்கே வருவதில்லை. சிலிண்டரில் ஒயில் கூடுதலாக நின்றால், அதுவே இடைவெளியை அடைத்து மீட்டரை இன்னும் அழகாகக் காட்டும். புதிதாகச் செய்த எஞ்சினில் கொம்பிரஷன் நன்றாக இருந்து ஒயிலும் குறைந்தால், என் சந்தேகம் முதலில் அந்த மூன்றாவது ரிங்கின் மேல்தான் விழும்.

அந்த ரிங் பெரும்பாலும் மூன்று துண்டு. மேலும் கீழும் மெல்லிய இரண்டு வளையம், நடுவில் நெளி நெளியாக ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று முட்டி நிற்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிட்டால் சுற்றளவு சுருங்கும், வளையங்களைச் சுவரில் அழுத்தும் பலம் போய்விடும். பல செட்டுகளில் அந்த முனைகளுக்கு நிறம் பூசி வருவது, பூட்டுகிறவர் இரண்டு நிறத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. இரண்டாவது ரிங்கில் ஒரு புள்ளி இருக்கும். அது மேலே பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் கீழே வழிக்க வேண்டியதை மேலே அள்ளும். இரண்டு பிழையும் நல்ல பாஸ்மாருக்கும் நேர்வதுதான், அதுவும் மழை நாளில் கரண்ட் போன நேரத்தில்.

லேத்தில் நடப்பது வேறு கதை. இந்த லான்சரின் 4ஜி63 எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீட்டர். போர் வெட்டும்போது மேலே சிலிண்டர் தலை இல்லை. பூட்டி போல்ட்டை இறுக்கியதும் சிலிண்டர் நூலளவு கோணும். அதனால் ரேஸ் எஞ்சின் செய்கிறவர்கள் தடித்த தட்டு ஒன்றைத் தலைபோல இறுக்கிவிட்டுத்தான் ஹோன் பண்ணுவார்கள். ஹோன் பண்ணிய பிறகு சுவரை வெந்நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, ஒயில் தோய்த்த வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். பெட்ரோலால் கழுவினால் ஹோன் கல்லின் பொடி கீறலுக்குள்ளேயே தங்கிவிடும். அது புது ரிங்கை அரம்போல ராவும்.

"ரன்னிங்-இன் எப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். ஆயிரம் கிலோமீட்டர், நாற்பதுக்கு மேல் போகாமல், பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவதுபோல வயல் பாதையில் ஓட்டினானாம். விலை கூடிய சிந்தெட்டிக் ஒயில் வேறு. இது நல்லெண்ணத்தால் வரும் கேடு. ரிங்கைச் சுவரில் அழுத்துவது அதன் சொந்த ஸ்பிரிங் மட்டுமல்ல, எரிப்பின் அழுத்தம் ரிங்கின் பின்னால் போய்த் தள்ளுவதும்தான். பாரம் கொடுக்காமல் ஓட்டினால் ரிங் சுவரோடு பழகுவதற்குள் சுவர் கண்ணாடிபோல் மினுங்கிவிடும். மூன்றாவது கியரில் ரிவர்ஸ்டனை ஏறி, காலை எடுத்து, மறுபடி ஏறியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டரிலேயே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஆகவே அவனுக்கு நான் கொடுத்த வேலை இவ்வளவுதான்: போத்தல் கணக்கு, இறக்கச் சோதனை, பிறகு நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்ப்பது. நாலும் ஒரே மாதிரிக் கறுத்து ஈரமாக இருந்தால் சுவரும் பிரீதரும். ஒன்று மட்டும் ஈரமென்றால் அந்தச் சிலிண்டர். பிளக் துளையால் விடும் சின்னக் கமராவில் பிஸ்டன் தலையையும் பார்க்கலாம்: நடுவில் கரி, விளிம்பு மட்டும் கழுவியதுபோல் சுத்தம் என்றால், ஒயில் ரிங்கைத் தாண்டி மேலே வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தலையைக் கழற்றத்தான் வேண்டும் என்றால், பாஸிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேள் என்றேன். கழற்றிய கையோடு அவர் மண்ணெண்ணெயும் துணியும் எடுப்பார். அது அவர் பழக்கம். நீ போனில் நாலு பிஸ்டன் தலையையும், வால்வுகளின் முதுகையும் படம் எடுத்து முடிக்கும்வரை அவரை ஒரு பிளேன்டீ குடிக்கச் சொல்.