உங்களுக்குத் தெரியுமா? நிறுவினால் மட்டும் போதாது!

ஆர் என்னும் புள்ளியியல் மொழி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் உருவாக்கியது. இதன் கூடுதல் பேக்கேஜ்கள் 1997 முதல் இயங்கும் கிரான் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்ஸ்டால்.பேக்கேஜஸ் கட்டளை, கேட்ட பேக்கேஜோடு அது சார்ந்திருக்கும் மற்றவற்றையும் இறக்கிக் கணினியில் நிறுவிவிடும். பெயரை மேற்கோள்குறிக்குள் தரவேண்டும். ஒருமுறை நிறுவினால் போதும். ஆனால் ஆரைத் திறக்கும்போதெல்லாம் லைப்ரரி கட்டளையால் அதை ஏற்றியாக வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான். ஏற்றாத பேக்கேஜின் செயற்கூறை அழைத்தால், அப்படியொன்று இல்லை என்றே ஆர் சொல்லும். ஸ்டாட்ஸ், கிராஃபிக்ஸ் போன்ற சில மட்டும் தாமாகவே ஏறிக்கொள்ளும்.

ஏற்றும் வரிசையும் முக்கியம். ஃபில்டர் என்ற செயற்கூறு ஸ்டாட்ஸிலும் உண்டு, டிப்ளையர் என்ற பேக்கேஜிலும் உண்டு. டிப்ளையரை ஏற்றியதும் அதன் ஃபில்டர் முந்திக்கொள்ள, ஸ்டாட்ஸின் ஃபில்டர் மறைந்துவிடும். இதைச் சொல்லித் திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் கடப்பது ஆபத்து. பேக்கேஜின் பெயர், இரண்டு இரட்டைப்புள்ளிகள், செயற்கூறின் பெயர் என்று சேர்த்து எழுதினால் குழப்பமே இல்லை. அப்போது லைப்ரரி கட்டளைகூடத் தேவைப்படாது.