94-லேயே நிற்கும் வேகம்

"ஏனுங்கண்ணா, நூறு எம்பி பிளானை இருநூறா மாத்தி ரெண்டு மாசமாச்சு. எப்பப் பார்த்தாலும் 94-லயே நிக்குதுங்க. கேபிள்காரரு ஏமாத்தறாருங்களா?"

மல்லசமுத்திரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருத் தம்பி கேட்டார். தறி ஓட்டுகிற குடும்பம். மகள் கல்லூரிப் பாடத்தை வீடியோவில் பார்த்துப் படிக்கிறாள். 94 என்று கேட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

நெட் வரும் பெட்டியைப் பலரும் மோடம் என்கிறோம். அது டெலிபோன் லைனில் இன்டர்நெட் வந்த காலத்துப் பெயர். இப்போது வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது வெளிச்சம். அந்த வெளிச்சத்தை வாங்கி மின் சமிக்ஞையாக மாற்றித் தருவதுதான் சுவரில் தொங்கும் பெட்டி. ஓஎன்யு என்பார்கள். போரில் இரண்டு இஞ்ச் தண்ணீர் வந்தாலும், முக்கால் இஞ்ச் குழாய் மாட்டியிருந்தால் தொட்டிக்கு அவ்வளவுதானே வரும்? பழைய பெட்டிகள் பலவற்றில் ஒயர் மாட்டும் லேன் போர்ட்டின் எல்லையே 100 மெகாபிட். அதிலும் ஒவ்வொரு தகவல் துண்டோடும் முகவரி முதலிய சுமை சேர்ந்து போவதால், கைக்கு வருவது 94, 95. பிளானை ஐந்நூறாக்கினாலும் ஒயரில் இதுதான் கிடைக்கும்.

அவர் வீட்டுப் பெட்டியைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தோம். நூறு போர்ட்தான். கடையில் புதிதாக வாங்கி நாமே மாட்டிவிட முடியாது. கேபிள்காரர் தன் பக்கத்தில் பதிவு செய்தால்தான் பெட்டி உயிர்பெறும். அவரிடமே சொல்லி, ஆயிரம் மெகாபிட் போர்ட் உள்ளதை வாங்கி மாட்டினார்கள். லேப்டாப்பில் சோதித்தோம். மறுபடியும் 94!

தம்பியின் முகம் வாடிவிட்டது. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே இருந்த ஒயரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். அதற்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடி. நூறுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். ஆயிரத்துக்கு நீலமும் பழுப்பும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். முனையிலிருந்த கண்ணாடி மாதிரியான கிளிப்பில் பழுப்பு இழை ஒன்று உள்ளே போய்ச் சேராமல் பாதியில் நின்றிருந்தது. வேறு ஒயர் மாட்டியதும் 190-ஐத் தாண்டியது.

சோதிப்பதிலும் முறை இருக்கிறது. பருத்தி ஏலத்துக்கு மூட்டை கொண்டுபோகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: தராசில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. டிவியில் படம், இன்னொரு போனில் வீடியோ என்று ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு செல்லாது. அடுத்த அறையில் வைஃபையில் எடுத்ததும் அப்படித்தான். அது சுவரையும் சேர்த்து அளக்கிறது. ஒயரில் எடுங்கள். வைஃபையில்தான் முடியும் என்றால், பெட்டி இருக்கும் அறையிலேயே, 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்து எடுங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவு ஒன்பதுக்கு ஒன்று. பரவலாக உள்ள ஜிபான் என்ற கண்ணாடி இழை முறையில் சுமார் 2,500 மெகாபிட் கொண்ட ஒரே இழையை 32, 64 வீடுகள்கூடப் பகிர்ந்துகொள்வதுண்டு. தெருவே படம் பார்க்கும் நேரத்தில் குறைகிறதா என்று தெரிய வேண்டும். சோதனைத் தளம் தானாகப் பிடிப்பது உங்கள் கம்பெனியின் சர்வராகவே இருக்கலாம். அதோடு வேறொரு கம்பெனியின் சென்னை சர்வரையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீட் செயலியும் இருக்கிறது.

இன்னொரு குழப்பம்: பிளானில் சொல்வது மெகாபிட், கோப்பு இறங்கும்போது காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். நூறு பிளானில் நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் உங்களுக்குச் சேர வேண்டியது சேர்கிறது.

எல்லாம் சரியாக அளந்தும் குறைந்தால், மூன்று நாள் அளவைத் தேதி, நேரத்தோடு எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உரிமையோடு கேட்கலாம். அதற்கு முன், பிளானை ஏற்றச் சொல்லி யார் வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "என் பெட்டியோட லேன் போர்ட் நூறுங்களா, ஆயிரங்களா?"