மீண்டு செல்லும் மாணவரின் மனநிலை

பல்கலைக்கழகத்துக்கு முதன்முறை செல்லும் மாணவனின் அச்சத்தை யாவரும் அறிவர். இடையில் வீடு வந்து மீண்டும் அவ்விடத்துக்கே செல்வோனின் அச்சத்தை அறிந்தோர் சிலரே. முதலாண்டில் எல்லோரும் புதியவர். ஆதலின் தனிமை எல்லார்க்கும் பொது. மீள்பவனோ ஏனையோர் வேரூன்றிவிட்ட இடத்துக்குத் தான் மட்டும் ஐயுறவோடு செல்கின்றான். அவன் அங்கே சிறுபான்மை இனத்தவனாயின் அச்சுமை இருமடங்காகும்.

இது தமிழருக்கு மாத்திரம் உரிய இடர் என்று கருதுதல் பிழை. 2016 யூலை 16 ஆந் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில், புதுமுக மாணவர் வரவேற்பிற் கண்டிய நடனம் குறித்து எழுந்த பிணக்குக் கைகலப்பாயிற்று. சிங்கள மாணவர் தம் ஊர்களுக்குச் சென்று பின்னர் மீண்டனர். அங்கே சிறுபான்மையினர் அவர்களே. 2019 ஏப்பிரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் திரும்பிய முஸ்லிம் மாணவரோ தாம் செய்யாத குற்றத்தின் நிழலையும் சுமந்து சென்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன் கூறுவர்: பிறரால் இகழப்படுதல், இழத்தல், முன்னை நிலை தாழ்தல், வறுமை. இந்நான்கும் ஒருவனிடத்தே கூடிநிற்றலும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் கற்றவொரு மாணவன் தென்பகுதிப் பல்கலைக்கழகமொன்றிலிருந்து விடுமுறையில் வந்தான். திரும்பும் நாள் நெருங்கத் தலைப்பாரமும் நெஞ்சுப் படபடப்பும் தோன்றின. தாயார் வைத்தியரிடம் காட்டினார். உடம்பில் யாதொரு குறையுமில்லை. விடுதிச் சாப்பாட்டறையில் தான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும் என்று என்னிடம் சொன்னான். மாணவ ஆலோசகரிடம் கூறினாயா என்றேன்.

“போனனான் சேர். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை இதைச் சொல்ல வரேல்லை. ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

பரீட்சையில் விடையெழுத அவனுக்கு ஆங்கிலம் போதும். ஆயின், மனம் கனக்கின்றது என்பதை வேற்று மொழியிற் சொல்லப் புகுந்தால், சொல் தேடுதலே வேலையாகித் துயரம் சொல்லப்படாமற் போகும். அன்றியும், நம்மவர் துயரை உடம்பின்மேல் வைத்துரைப்பவர். தலைப்பாரம், நெஞ்சடைப்பு, உடல் அலுப்பு என்பர். நம் வழக்கறியாதார் அதனை உடல்நோயென்றே கொள்வர். உளவளத்துணை மாணவனின் மொழியிலேயே அமைதல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

முன்பு அஞ்சிய இடத்தை அணுகும்போது உடம்பு மீண்டும் அவ்வச்சத்துக்கு ஆயத்தமாகின்றது. இது கோழைத்தனமன்று, சில நாளிற் றணிவதே பெரும்பான்மை. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, எதிலும் நாட்டமின்மை என்பன இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் வைத்தியரை நாடல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எழுமாயின் ஒருநாளும் பொறுத்தலாகாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

பல்கலைக்கழகங்கள் செய்யத்தக்கது பெரிதன்று. மாணவன் மீளும் முதல் வாரத்திலேயே அவன் மொழி அறிந்த ஒருவர் அவனை அழைத்துப் பேசவேண்டும். தேடி வருவான் என்று காத்திருத்தல் பயன்தராது, வெட்கம் தடுக்கும். வாயிலில் மனநோய் என்று எழுதிய அறைக்கு எவனும் வாரான். நூலகத்தின் அருகே அமைதியான ஓரறை போதும். அங்கே சொன்னது பீடாதிபதியின் செவிக்கு எட்டாது என்ற உறுதியும் வேண்டும்.

கண்டியிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் உத்தியோகம் பார்க்கும் பழைய மாணவர்களே, உங்களாலும் ஆவது உண்டு. மேற்கூறிய மாணவனுக்கு, அவ்வூரில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரின் முகவரியைக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் அங்கே இரவுணவு என்று ஏற்பாடாயிற்று. மூன்று மாதத்தின் பின் அவன் எனக்கு அனுப்பிய செய்தியிற் சாப்பாட்டறைபற்றி ஒரு சொல்லும் இல்லை. அவ்வீட்டுப் புட்டுக்குச் சம்பல் உறைப்புப் போதாது என்ற முறைப்பாடே இருந்தது.