பகடை மேசை – 11: பாதாளம் வரை அச்சிடுங்கள்

ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் ஜாக்சன் எலியாஸ் செத்துப்போயிருப்பார். 1925 ஜனவரி, நியூயார்க், செல்சி ஹோட்டல். தந்தி அடித்து வரச் சொன்ன நண்பரைப் பார்க்க ஆட்டக்காரர்கள் அறைக்கதவைத் திறக்கும்போது அவர் உயிரோடு இல்லை. 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டின் புகழ்பெற்ற கேம்பெயினான (பல அமர்வுகளாக நீளும் தொடர்சாகசம்) 'மாஸ்க்ஸ் ஆஃப் நயர்லாத்தோடெப்' இப்படித்தான் தொடங்குகிறது. 1984இல் லாரி டிட்டிலியோ, லின் வில்லிஸுடன் சேர்ந்து எழுதியது. கேயாசியம் நிறுவனம் அதைப் பெட்டியாக வெளியிட்டது.

அருமையான தொடக்கம்தான். ஆனால் மேசையில் நடப்பது வேறு. எலியாஸ் உங்கள் ஆருயிர் நண்பர் என்று ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் உருக்கமாகச் சொல்வார். எதிரே உட்கார்ந்திருப்பவர் சிப்ஸைக் கொறித்தபடி, "சரி, அவன் பையில என்ன இருக்கு?" என்று கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் எலியாஸை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. முன்பின் தெரியாத ஆளுக்காக லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகம் சுற்றி உயிரைப் பணயம் வைக்க வேண்டுமாம்.

2018இல் வந்த திருத்திய பதிப்பு இந்த ஓட்டையை அடைத்தது. மைக் மேசன், லின் ஹார்டி, பால் ஃப்ரிக்கர், ஸ்காட் டோர்வர்ட் ஆகியோர் முன்னால் ஒரு பெரு நாட்டு அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். 1921இல் நடப்பது. அதில் எலியாஸ் உயிரோடு வருகிறார்; கூடவே மலையேறுகிறார், பேசுகிறார், ஆபத்தில் தோள் கொடுக்கிறார். அதற்குப் பிறகு செல்சி ஹோட்டல் கதவைத் திறந்தால் யாரும் பையைப் பற்றிக் கேட்பதில்லை.

போன சில வாரங்களாகக் கடிதம் எழுதும் வாசகர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பழைய கேம்பெயின்களில் எவை திருத்திய முழுத் தொகுப்பாக மறுபடி வர வேண்டும்? பெரும்பாலானவர்கள் தங்களுக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்திவிட்டு என் பட்டியலையும் கேட்கிறார்கள். பிடித்தது என்பதற்காக மட்டும் எதையும் மறுபடி அச்சிட வேண்டியதில்லை. ஸ்கேன் செய்த பழைய பிரதிகள் போதும். கெட்டி அட்டை, வழுவழுப்பான தாள், புது ஓவியம் எல்லாம் அலமாரிக்கு அழகு. ஒரு கேம்பெயின் திருத்திய பதிப்புக்குத் தகுதி பெறுவது அதில் நல்ல கதை இருந்து, அந்தக் கதை ஒரு குறிப்பிட்ட இடத்தில் உடைந்திருந்தால்தான். நடத்துகிற ஒவ்வொருவரும் அதே இடத்தில் தடுக்கி விழுந்து, ஆளுக்கொரு ஒட்டுப் போட்டிருக்க வேண்டும்.

இந்தப் புத்தகங்கள் ஏறக்குறைய கூத்து ஏடு மாதிரி. ஏட்டில் இருப்பது பாட்டும் வரிசையும். மீதி அரங்கில்தான் உண்டாகிறது. எங்கே தொய்கிறது என்பது எழுதியவருக்கு முன்பே ஆடியவருக்குத் தெரிந்துவிடும். 'மாஸ்க்ஸ்' விஷயத்தில் அதுதான் நடந்தது. ரசிகர்கள் ஒன்றுகூடி மூல நூலைவிடப் பருமனான ஒரு துணைநூலையே எழுதினார்கள். வாங்கிய புத்தகத்துக்கு வாங்கியவர்களே அவ்வளவு பெரிய பழுதுபார்ப்புக் கையேடு எழுதும்போது பதிப்பாளர் சும்மா இருக்க முடியாது.

பெரு அத்தியாயம் மட்டுமே திருத்தம் அல்ல. ஆஸ்திரேலியப் பகுதி 1984 பெட்டியில் இடமில்லாமல் விடுபட்டது. 1987இல் வேறொரு நூலில் தனியாக வந்து, 1996 தொகுப்பில்தான் கதைக்குள் சேர்ந்தது. அதைவிட முக்கியமானது நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி. பழைய பதிப்பில் அங்குள்ள கறுப்பின மக்கள் பெரும்பாலும் கொலைகார ரகசியக் கூட்டத்தின் நிழலாகவே வந்துபோனார்கள். 1930களின் மலிவுவிலைத் திகில் பத்திரிகைகளிடமிருந்து வந்த பழக்கம் அது. புதிய பதிப்பில், அந்தக் கூட்டம் செய்த கொலைகளுக்காக மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருக்கும் ஹில்டன் ஆடம்ஸ் என்ற கறுப்பினத்தவர் வருகிறார். அவரைக் காப்பாற்றுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. ஒரே பாத்திரத்தைச் சேர்த்ததில் ஹார்லெம் மனிதர்கள் வாழும் இடமாகிவிட்டது. பழையதை மழுப்பாமல், முன்னுரையில் மன்னிப்புக் கேட்டு ஒதுங்காமல், கதைக்குள்ளேயே சரிசெய்திருக்கிறார்கள். திருத்தம் என்றால் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

இதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டி எச்சரிக்கையாக நிற்கிறது. 'ஹாரர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்', 1991. லண்டனிலிருந்து கான்ஸ்டான்டினோபிள் வரை ரயிலில் போய் ஒரு சபிக்கப்பட்ட சிலையின் துண்டுகளைச் சேகரிக்கும் கதை. கூட்டுநிதி திரட்டி 2014இல் மாபெரும் புதுப் பெட்டியாக வந்தது. பணம் கொட்டியது, கூடவே வாக்குறுதிகளும் பெருகின. அச்சு, பொருள்கள், அஞ்சல் செலவு எல்லாம் கைமீறின. இதுவும் 'கால் ஆஃப் கதுலு' விளையாட்டின் 7ஆம் பதிப்புக்கான கூட்டுநிதித் திட்டமும் சேர்ந்து கேயாசியத்தை மூழ்கும் நிலைக்குக் கொண்டுபோயின. 2015இல் நிறுவனர் கிரெக் ஸ்டாஃபோர்டும் சாண்டி பீட்டர்சனும் திரும்பி வந்து கப்பலைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பழைய ஆட்டத்தின் மேல் ரசிகர்களுக்கு இருக்கும் பாசத்தைப் பதிப்பாளர் எடை போட்டுப் பார்த்தால் போதாது; தபால் பொட்டலத்தையும் எடை போட வேண்டும்.

அடுத்து 'தி எனிமி வித்தின்'. வார்ஹாமர் உலகத்தில் நடப்பது. 1986 முதல் 1989 வரை கேம்ஸ் வொர்க்‌ஷாப் பகுதி பகுதியாக வெளியிட்டது. தொடக்கம் கெட்டிக்காரத்தனமானது. சாலையோரம் ஒரு பிணம். முகம் உங்களில் ஒருவரை அச்சில் வார்த்தது போல இருக்கிறது. அவன் சட்டைப்பையில் பெருஞ்சொத்துக்கு அவனை வாரிசாக்கும் கடிதம். ஆசை யாரை விட்டது? அந்தச் சொத்தைத் தேடிப் போகிறவர்கள் போகன்ஹாஃபன் நகரத்து வணிகர்களின் ரகசியச் சடங்கில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்த பாகத்தில் ஒரு படகு கைக்கு வருகிறது. ரைக் நதியில் சரக்கு ஏற்றி இறக்கி வியாபாரம் பார்க்கலாம். நடுவில் மர்மத்தையும் துரத்தலாம். அந்தப் படகை விட மனமில்லாமல் கதையையே மறந்துபோன குழுக்கள் உண்டு. அதற்கடுத்த மிடன்ஹைம் பாகத்தில் வாளுக்கு வேலையே குறைவு. திருவிழா நகரம், அநியாய வரி, மிரட்டலுக்கு அடங்கிப்போன அதிகாரிகள். பேசிப் பேசியே முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு கதை வழிதவறியது. 'சம்திங் ராட்டன் இன் கிஸ்லெவ்' தனியாகப் பார்த்தால் நல்ல ஆட்டம்தான். எழுதியவர் கென் ரோல்ஸ்டன். பின்னாளில் 'மோரோவிண்ட்' கணினி விளையாட்டுக்குத் தலைமை வடிவமைப்பாளராக இருந்தவர். ஆனால் அது பேரரசின் சதியை அப்படியே விட்டுவிட்டு ஆட்டக்காரர்களை வேறொரு நாட்டுப் பனியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. கடைசி பாகமோ முடிவைத் தானே தீர்மானித்துக்கொண்டு எல்லாரையும் அதை நோக்கி இழுத்துச் செல்கிறது.

கியூபிகிள் 7 வெளியிட்ட புதிய ஐந்து தொகுதிகளில் கிஸ்லெவ் இல்லை. அந்த இடத்தில் 1980களிலேயே திட்டமிட்டு எழுதாமல் விட்ட 'தி ஹார்ன்ட் ரேட்' புதிதாக எழுதப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. முடிவும் மாறியிருக்கிறது. மூல ஆசிரியர்களில் ஒருவரான கிரேம் டேவிஸே இந்தப் பணியை முன்னின்று செய்தார். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இன்னொன்று. பழைய பதிப்பை விளையாடிய அனுபவசாலி உங்கள் மேசையில் இருந்தால் அவரை ஏமாற்ற எதை எப்படி மாற்றலாம் என்று சொல்லும் குறிப்புப் பெட்டிகள் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. 30 வருஷமாக ரகசியத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு மீசைக்குள் சிரிக்கும் ஆளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 'ரேவன்லாஃப்ட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1983இல் 32 பக்கமாக இருந்தது, 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்று 250 பக்கத்துக்கு மேல் வளர்ந்தது. நன்றாகவே வளர்ந்தது.

இனி, வராதவை. என் பட்டியலில் முதலிடம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பூதங்கள்-ட்ரௌ-சிலந்தி வரிசைக்கு. கேரி கைகாக்ஸ் 1978இல் எழுதிய மூன்று மெல்லிய பிரசுரங்களில் தொடங்குகிறது: மலைப் பூதங்களின் விருந்து மண்டபம், பனிப் பூதங்களின் பிளவு, நெருப்புப் பூதங்களின் கோட்டை. பூதங்களை ஆட்டிவைப்பது யார் என்று தேடிப்போனால் மண்ணுக்கு அடியில் வாழும் ட்ரௌ என்ற எல்ஃப் இனம். அங்கிருந்து பாதாளம். மைல் கணக்கில் சுரங்கப் பாதைகள், மீன்முக மனிதர்களின் கோயில், கடைசியில் எரெல்ஹை-சின்லு என்ற நிலத்தடி நகரம். 2004இல் 'டஞ்சன்' இதழ் 30 சிறந்த சாகசங்களை வரிசைப்படுத்தியபோது இவையெல்லாம் சேர்ந்த தொகுப்புக்குத்தான் முதலிடம்.

அந்தத் தொகுப்பு வந்தது 1986இல். அதற்கு முந்தைய ஆண்டே கைகாக்ஸ் அந்த விளையாட்டை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தின் மேலிருந்த பிடியை இழந்திருந்தார். பிறகு 1999இல் வெள்ளிவிழாப் பதிப்பு வந்தது, பூதங்கள் மட்டும். 2017இல் 'டேல்ஸ் ஃப்ரம் தி யானிங் போர்ட்டல்' வந்தது. அதிலும் பூதங்கள் மட்டும். இரண்டு முறையும் சுரங்க வாயிலில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். துப்பறியும் கதையில் குற்றவாளி யாரென்று தெரிந்த அடுத்த பக்கத்தைக் கிழித்துவிட்டு விற்பதற்கு ஒப்பான காரியம்.

பாதாளப் பகுதியை ஏன் விட்டார்கள் என்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது. அதன் கடைசிப் பகுதி மோசம். 1980இல் வந்த ஏழாவது சாகசம். சிலந்தி அரக்கி லோல்த்தின் உலகம். பெரும்பகுதியை எழுதியவர் ஓவியர் டேவிட் சதர்லண்ட். ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் பாதைகளின் வரைபடம் மட்டும் அபாரம். கதவுகளுக்குப் பின்னால் வேறு வேறு உலகங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் சில வரிகள், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முடிவில் லோல்த்தின் அரண்மனை எட்டுக்கால் இயந்திரமாக நடந்து வருகிறது. விருந்து மண்டபத்தில் ஆரம்பித்த கதை இயந்திரக் கூடத்தில் முடிகிறது.

முடிச்சு எங்கே விட்டுப்போனது என்பதும் பார்த்தால் தெரியும். பூதங்களைத் தூண்டிவிட்ட ட்ரௌ இனத்து எக்லாவ்ட்ரா லோல்த்தை வணங்குபவள் அல்ல. அவள் கும்பிடுவது பெயரில்லாத ஓர் ஆதி பூதத் தெய்வத்தை. லோல்த்தின் பூசாரிகளோடு அவள் குடும்பத்துக்குப் பகை. நெருப்புப் பூதங்களின் கோட்டைக்குள்ளேயே அந்தத் தெய்வத்தின் பலிபீடம் இருக்கிறது. பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் கடைசிச் சாகசம் அந்த இழையை அப்படியே கைவிட்டுவிட்டு லோல்த்தை நோக்கித் திரும்பிவிட்டது. திருத்திய பதிப்பு செய்ய வேண்டிய முதல் வேலை அந்தப் பலிபீடத்துக்குப் பதில் சொல்வது. லோல்த்தோடு கூட்டுச் சேர்ந்து எக்லாவ்ட்ராவை வீழ்த்துவதா, எக்லாவ்ட்ராவோடு சேர்ந்து லோல்த்தையா, இருவரையும் விட்டுவிட்டு ஓடுவதா என்று ஆட்டக்காரர்களைத் தவிக்க விட வேண்டும்.

பாதாளத்தை விட்டதற்கு இரண்டாவது காரணம் கூச்சம். கருத்த தோல் கொண்ட இனம் ஒன்று, பிறப்பால் கொடியது என்ற கற்பனையை இன்றைக்கு அப்படியே அச்சேற்ற முடியாது, ஏற்றவும் கூடாது. விளையாட்டின் இப்போதைய உரிமையாளரான விசார்ட்ஸ் நிறுவனமே 2020இல் ட்ரௌ, ஆர்க் இனங்களைச் சித்திரித்த விதத்தை மாற்றப்போவதாக அறிவித்தது. ஆனால் மருந்து பழைய நூலுக்குள்ளேயே இருக்கிறது. எரெல்ஹை-சின்லுவின் சந்துகளில் எதிர்ப்படுவோர் பட்டியலில் தம் சமூகத்தையே வெறுக்கும் கலகக்கார இளைஞர்கள் வருகிறார்கள். பகடை உருட்டினால் வரலாம், வராமலும் போகலாம். அவர்களைப் பட்டியலிலிருந்து இறக்கிப் பெயர் கொடுத்து, வீடு கொடுத்து, கதையின் நடுவில் நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. நகரத்துக்கு ஒரு தொகுதியே ஒதுக்கலாம். குடும்பங்களின் பகை, கடைத்தெரு, வேற்றினத்து வணிகர்கள் என்று மூலத்தில் ஓரிரு பத்தியில் தொட்டுவிட்டுப் போனவை எக்கச்சக்கம்.

சிரமம் ஒன்று. கைகாக்ஸ் 2008இல் காலமானார், சதர்லண்ட் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே. 'எனிமி வித்தின்' போல எழுதியவரையே கூப்பிட்டு உட்காரவைக்க வழியில்லை. இதை நடத்தித் தேய்ந்த கேம் மாஸ்டர்களின் ஓரக்குறிப்புகளைத்தான் நம்ப வேண்டும்.

அதனாலேயே அவசரம் என்று பார்த்தால் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவேன். ட்ரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் டிஎஸ்ஆருக்குப் போகும் முன்பே தாங்களாகவே அச்சிட்ட சாகசம் 'ஃபேரோ'. பிறகு டிஎஸ்ஆர் அதை 1982இல் வெளியிட்டு, இரண்டு பாகங்களைச் சேர்த்து, 1987இல் 'டெசர்ட் ஆஃப் டெசலேஷன்' என்று தொகுத்தது. தன் கல்லறையை யாரும் கொள்ளையடிக்க முடியாதபடி கட்டிய மன்னன் அமுன்-ரே. இப்போது அதை யாராவது கொள்ளையடித்தால்தான் அவன் ஆவிக்கு விடுதலை. ஆவியே வந்து திருடச் சொல்லிக் கெஞ்சுகிறது! பிரமிடுக்குள் புகுந்து திருடும் கதைகள் ஆயிரம் இருக்கலாம். திருடனையும் திருட்டுக் கொடுப்பவனையும் ஒரே பக்கத்தில் நிறுத்திய கதை அபூர்வம். மூன்றாவது பாகத்தில் கண்ணாடியாய் உறைந்த கடல்மேல் படகு ஓடுகிறது.

குறைகளும் வெளிப்படையானவை. மூன்று பாகங்களும் ஒரே மூச்சில் யோசித்தவை அல்ல. ஒட்டிய தடம் தெரிகிறது. பாலைவனத்து மக்கள் படப்புத்தக அரபுகள். 1987 தொகுப்பு கதையை 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' வரைபடத்துக்குள் திணிப்பதிலேயே அக்கறை காட்டியது. இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. 'ஸ்ட்ராட்' புத்தகத்துக்கு ஹிக்மன் தம்பதியைக் கலந்தாலோசித்த அதே நிறுவனம்தான் இதற்கும் உரிமையாளர். பூதங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாலைவனத்துக்கு அவர்களை இந்த வருஷமே கூப்பிடுங்கள்.